காலராவின் நஞ்சைக் கண்ட டாக்டர் சம்புநாத் தே

காலரா என்றாலே ஊர் நடுங்கிய காலம் ஒன்று உண்டு. காலையில் நடமாடியவர் மாலையில் இருக்கமாட்டார். உடலின் நீரெல்லாம் அரிசி களைந்த நீர் போல் வெளியேறிவிடும். 1884-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில் இந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று ஊகித்தாரேயன்றி, அவரால் நிரூபிக்க இயலவில்லை. அதை நிரூபிக்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின. நிரூபித்தவர், அதே கல்கத்தாவில் பணியாற்றிய டாக்டர் சம்புநாத் தே.

ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி கிராமத்தில் 1915 பிப்ரவரி 1-ம் தேதி அவர் பிறந்தார். தந்தை சிறு மளிகைக் கடைக்காரர். வறுமைக்கிடையே உறவினர் ஆதரவுடன் படித்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-ல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று, பேராசிரியர் ராய் காமரானிடம் நோய்க்குறியியல் ஆராய்ச்சி செய்து 1949-ல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

முயலின் குடலில் விடை

கிருமி சாகும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அந்நாளில் பலர் கருதினர். தே வேறு விதமாக யோசித்தார். கிருமி குடலுக்குள்ளேயே தங்குகிறது. எனவே காரணத்தையும் குடலில்தான் தேட வேண்டும். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். அத்துண்டு நீரால் நிறைந்து உப்பியது. இம்முறை 1953-ல் வெளியாயிற்று. அடுத்து, கிருமிகளை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது! கிருமி வெளியே சுரக்கும் நஞ்சே குற்றவாளி என்பது உறுதியாயிற்று. இக்கட்டுரை 1959-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

அந்நஞ்சு செய்வது என்ன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் விளக்கின. குடற்சுவரின் உயிரணுக்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு மூடியுள்ளது. உப்பின் அயனிகள் அதனூடே தாமாகக் கடக்க முடியாது. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாயில்களும் சுமந்து செல்லும் புரதங்களும் உண்டு. காலரா நஞ்சு சவ்வைக் கிழிப்பதில்லை. குளோரைடு வாயிலை மூடவிடாமல் செய்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, சவ்வூடு பரவலால் நீரும் அவற்றுடன் போய்விடுகிறது. ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே சுமந்து வரும் புரதம் பழுதடைவதில்லை. அதனால்தான் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பருகியே நோயாளி பிழைக்க முடிகிறது. 1971-ல் வங்க தேச அகதிகள் முகாம்களில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்நீரைக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

தாமதமான மரியாதை

தே எளிய வசதிகளோடு, ஆசிரியப் பணிக்கிடையேதான் இவற்றைச் செய்து முடித்தார். நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுக்க முயன்றும் வெற்றி கிட்டவில்லை. அதை 1969-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சாதித்தனர். 1973-ல் அவர் ஓய்வு பெற்றார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசுக்கு இவர் பெயரைப் பரிந்துரைத்தார். பரிசு கிட்டவில்லை. தாய்நாட்டின் விஞ்ஞானக் கழகங்களோ அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

1985 ஏப்ரல் 15-ம் தேதி அவர் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1990-ல், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழ் அவருக்கெனத் தனிச் சிறப்பிதழ் வெளியிட்டது. கண்ணாடி மாளிகை போன்ற ஆய்வுக்கூடமும் பெரும் நிதியும் இன்றி, கட்டிய நூலும் கூர்ந்த அறிவும் கொண்டு உலகின் கொடிய நோயொன்றின் இரகசியத்தை வெளிப்படுத்திய அவரது பெயரை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.