சுங்கம் தவிர்த்த சோழன்

ஒரகடத்தில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். சரக்கு வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன.

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சீமை சோழ நாட்டோடு சேர்ந்திருந்தது. ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்று அதற்குப் பெயர். அதை ஆண்ட ஒரு மன்னன், வாணிபச் சரக்குக்கு வாங்கிய சுங்கத்தை நீக்கினான். அவன்தான் முதலாம் குலோத்துங்க சோழன்!

மகள் வயிற்றுப் பேரன்

கங்கை கொண்ட ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவி. வேங்கி நாட்டு மன்னன் ராஜராஜ நரேந்திரனுக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். அவர்களின் மகனே குலோத்துங்கன்.

1070-ல் சோழ நாட்டில் பெருங்குழப்பம். அதிராஜேந்திரன் வாரிசு இன்றி மாண்டான். இலங்கை கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் குலோத்துங்கன் முடி சூடினான்.

சுங்கம் போனது

சுங்கம் என்றால் என்ன? வணிகன் மிளகு மூட்டை கொண்டு போகிறான். ஒரு சாவடியில் வரி கேட்கிறார்கள். அடுத்த சாவடியிலும் கேட்கிறார்கள். அவன் அதையெல்லாம் மிளகின் விலையில் ஏற்றிவிடுகிறான். கடைசியில் வரி கொடுப்பவர் யார்? மிளகு வாங்கும் குடும்பத்தார்தான்!

குலோத்துங்கன் வாணிபத்தின் அருமை அறிந்தவன். 1077-ல் அவன் அனுப்பிய தூதுக்குழு சீனாவுக்குச் சென்றது. அதில் 72 பேர் இருந்தார்கள். அவன் சுங்கத்தை நீக்கியதால் மக்கள் அவனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று கொண்டாடினார்கள். முன்னோர் எவரும் செய்யாத செயல் என்று ஒட்டக்கூத்தரும் பிற்காலத்தில் பாடினார்.

நிலத்தை அளந்தான்

அப்படியானால் அவன் எல்லா வரியையும் விட்டுவிட்டானா? இல்லை. ஏரி உடைந்தால் அடைக்க வேண்டும். படைக்குச் சோறு போட வேண்டும். வரி இல்லாமல் இவை நடக்குமா?

1086-ல் நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். அதே ஆண்டில் இங்கிலாந்திலும் வில்லியம் மன்னன் நிலக் கணக்கு எடுத்தான் என்பது வியப்பான செய்தி! அளந்தால்தான் யாரிடம் எவ்வளவு நிலம் என்பது தெரியும். இருப்பவன் ஒளிக்க முடியாது. இல்லாதவன் தலையில் கூடுதல் வரி விழாது.

ஊர்ச்சபை வரியை வசூலித்து அரசுக்குச் செலுத்தியது. ஒரகடத்துக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், ஏரியைக் கவனிக்கவே ஒரு வாரியம் இருந்தது. அவ்வூரில் உள்ள 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன.

திறை தராத மன்னன்

சுங்கத்தை விட்டவன் பாக்கியை விடவில்லை. அவன் காஞ்சியில் தங்கியிருந்தபோது, கலிங்க மன்னன் இரண்டு முறை திறை கட்டவில்லை என்று தெரிந்தது. உடனே கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை புறப்பட்டது. கலிங்கம் தோற்றது. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணி அந்தப் போரின் கதையே. ஆனால் திறைக்காக நடந்த அந்தப் போரில் எத்தனையோ உயிர்கள் போயின.

சுமார் 50 ஆண்டுகள் ஆண்டு, குலோத்துங்கன் மறைந்தான். கடைசிக் காலத்தில் கங்கபாடியும் வேங்கியும் அவன் கையை விட்டுப் போயின. அவன் பெயரோடு இன்றும் நிற்பது சுங்கம் தவிர்த்த புகழ்தான்.

இன்றைய சுங்கம்

2017 ஜூலை 1-ல் சரக்கு-சேவை வரி வந்தது. பல மாநிலங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சாலைக்குக் கட்டும் கட்டணம் வேறு. ஒரகடத்து லாரி இப்போது மாநிலத்துக்கு மாநிலம் நுழைவு வரி கட்டுவதில்லை. ஆனால் வரி போய்விடவில்லை. பொருளின் விலையோடு சேர்ந்து வருகிறது. கடையில் வாங்கும் சோப்புக்கட்டியிலும் அது இருக்கிறது.

வரி இல்லாத நாடு இல்லை. அதை எந்த இடத்தில், யாரிடம், எவ்வளவு வாங்குவது என்று அறிந்து வாங்குவதே நல்ல அரசு.