வெலிங்டன் கோமகன்

நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டன் என்னும் ஊரைப் பலரும் அறிவர். அப்பெயருக்குரியவர் அயர்லாந்து நாட்டவர் என்பதை அறிந்தோர் சிலரே!

ஆர்தர் வெல்லெஸ்லி 1769-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஓர் உயர்குடிப் புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் அவர் மந்தம். வயலின் வாசிப்பதிலேதான் நாட்டம். இப்பிள்ளை எதற்கு உதவுவான் என்று தாயாரே மனம் நொந்து படையில் சேர்த்துவிட்டார். 1793-இல் தம் வயலின்களைத் தாமே தீயிலிட்டுவிட்டுப் போர்த்தொழிலில் முழுமூச்சுடன் இறங்கினார் ஆர்தர்.

1798-இல் அவர் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்று. 1815 ஜூன் 18-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றதும் அவர் புகழ் ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஆயினும் மறுநாள் விடியுமுன் மருத்துவர் ஹியூம் இறந்தோரின் பெயர்களைப் படிக்கக் கேட்டு, அந்த வெற்றி வீரர் கண்ணீர் வடித்தார்.

1828-இல் அவர் பிரிட்டனின் பிரதமரானார். அக்காலத்தில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர இயலாது. தம் விசுவாசத்திற்கு மாறான உறுதிமொழியை எடுத்தாக வேண்டும். அவ்வாண்டு டேனியல் ஓகானல் என்னும் கத்தோலிக்கர் கிளேர் தொகுதியில் பெருவெற்றி பெற்றார். அயர்லாந்தே கொந்தளித்தது. வெலிங்டனும் முன்னர் கத்தோலிக்கருக்கு உரிமை வழங்குவதை எதிர்த்தவர்தாம். ஆனால் போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவரல்லவா? தாம் பிறந்த மண்ணில் உள்நாட்டுப் போர் மூளுவதை அவர் விரும்பவில்லை. சட்டத்தை மாற்றத் துணிந்தார்.

சொந்தக் கட்சியினரே சீறினர். நான்காம் ஜார்ஜ் மன்னர் அழுது அடம்பிடித்தார். பதவியை விட்டு விலகவும் வெலிங்டன் தயங்கவில்லை. மன்னர் அன்றிரவே பணிந்தார். வின்சில்சி பிரபு அவரைத் துரோகியெனத் தூற்றினார். 1829 மார்ச் 21 காலை, பாட்டர்சி வயல்வெளியில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். ஒரு நாட்டின் பிரதமர், ஐம்பத்தொன்பது வயதில்! மருத்துவராக வந்திருந்தவர் அதே ஹியூம். வெலிங்டனின் குண்டு விலகிச் சென்றது. வின்சில்சி வானை நோக்கிச் சுட்டுவிட்டு, எழுத்தில் மன்னிப்புக் கோரினார். ஏப்ரல் 13-இல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறிற்று.

ஆனால் அதனுடனேயே அயர்லாந்தில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக உயர்த்தப்பட்டது. ஓகானலை வெற்றி பெறச் செய்த ஏழைக் குடியானவர்களே வாக்கிழந்தனர். இதை எப்படிப் பாராட்டுவது?

ஏழை எளியோர் குரலுக்குப் பின்னரும் அவர் செவிசாய்த்தாரில்லை. தேர்தல் சீர்திருத்தத்தை மறுத்ததால் 1830-இல் பதவி இழந்தார். மறு ஆண்டு மக்கள் அவர் மாளிகைச் சன்னல்களைக் கல்லெறிந்து உடைக்க, அவர் அவற்றிற்கு இரும்புக் கதவுகள் பொருத்தினார். 1852 செப்டம்பர் 14-இல் வால்மர் கோட்டையில் காலமானார். அவரது உடல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.