சுமை சுமந்த வஜீர்: மர்ஹூம் ரஃபி அஹ்மத் கித்வாய்



நமது பள்ளிவாசல் அலுவலகத்திற்கு மனு எழுதித் தரக் கேட்டு வருவோர் உண்டு. அப்போதெல்லாம் முதலில் எழும் சிக்கல், மனுவை யாருக்கு எழுதுவது என்பதுதான். பாஸ்போர்ட் தாமதம் எனில் அது வெளியுறவு அமைச்சகத்தைச் சார்ந்தது. அம்பத்தூர் ரயில் நிலையத்தைப் பற்றிய குறை ரயில்வே அமைச்சகத்தைச் சார்ந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஹஜ் ஏற்பாடுகள் 2016 வரை வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்து, பின்னர் சிறுபான்மையினர் நல அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டன. நியாயவிலைக் கடையை நடத்துவது மாநில அரசு என்றாலும், அங்கு வரும் அரிசியில் பெரும் பகுதி மத்திய உணவுத் துறையின் ஒதுக்கீடாகும்.

இவ்வாறு ஒரு மனுவுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர், மத்திய மந்திரிசபையில் நம் சமுதாயத்தவர் ஒருவர் இருந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இம்மலரில் எழுதுகிறோம்.

1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் மந்திரிசபை பதவியேற்றது. பிரதமர் நேருவையும் சேர்த்து 14 பேர். உள்துறை சர்தார் படேலிடமும், சட்டத்துறை டாக்டர் அம்பேத்கரிடமும், நிதித்துறை நமது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரிடமும் ஒப்படைக்கப்பட்டன. முஸ்லிம்கள் இருவர். கல்வித்துறையை ஏற்ற மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். மற்றவரை இன்று நம்மில் பலர் மறந்துவிட்டனர். அவர்தான் தகவல் தொடர்புத் துறையை ஏற்ற ரஃபி அஹ்மத் கித்வாய்.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் மசௌலி என்னும் கிராமத்தில், 1894 பிப்ரவரி 18 அன்று ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் அன்னார் பிறந்தார். சிறிய தந்தையார் வழக்கறிஞர் விலாயத் அலி அவர்களின் அரவணைப்பில் வளர்ந்து, அலிகர் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டப் படிப்பைத் தொடர்ந்த காலத்தில் கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் எழுந்தன. படிப்பை விட்டார், சிறை சென்றார். பின்னர் மோதிலால் நேருவின் செயலாளராகவும், 1926 முதல் மத்திய சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாகவும் பணியாற்றினார். 1937-ல் ஐக்கிய மாகாண மந்திரிசபையில் வருவாய்த் துறையும் சிறைத் துறையும் அவரிடம் வந்தன. குத்தகை விவசாயிகளின் உரிமையைக் காக்கும் சட்டத்திற்கு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையே முன்னின்று உழைத்தார் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அச்சட்டத்தால் நஷ்டமடைந்தோரில் அவருடைய உறவினர்களும் அடங்குவர்.

மந்திரியை அரபியில் வஜீர் என்கிறோம். சுமை என்னும் பொருள்தரும் வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது என்பது மொழி அறிஞர்கள் பலரின் கருத்து. நபி மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தமக்கு வஜீராகத் தருமாறு இறைவனிடம் வேண்டியதை நாம் தாஹா அத்தியாயத்தில் ஓதுகிறோம். கித்வாய் அவர்களுக்கு அந்தச் சுமை முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. 1947 இறுதியில், முசூரி நகராட்சியை நிர்வகித்து வந்த அவருடைய தம்பி ஷஃபி அஹ்மத் பிரிவினைக் கலவரத்தில் கொல்லப்பட்டார். தம்பியின் மனைவி அனீஸ் கித்வாய் டில்லிக்கு வந்து, காந்தியடிகளின் வழிகாட்டுதலில் அகதி முகாம்களில் தொண்டாற்றலானார். அண்ணன் தமது இலாகாவை விட்டு விலகவில்லை. எல்லா மதத்தாரின் கடிதங்களையும் தந்திகளையும் சுமந்து செல்லும் இலாகா அது. தம் வீட்டில் விழுந்த இழவுக்காக அதன் வேலையில் குறை வைக்காமல் இருப்பது எளிதன்று. நாமாயின் அவ்வாறு இருந்திருப்போமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அத்துறையில் அன்னார் செய்த காரியங்களில் நமது ஊருக்கும் பங்குண்டு. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்து இரவில் புறப்படும் விமானங்கள் நாட்டின் நடுவிலுள்ள நாக்பூரில் சந்திக்கும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். மாலையில் சென்னையில் சேர்த்த கடிதம் மறுநாளே டில்லியில் கிடைத்தது. அதே ஆண்டில், கூடுதல் கட்டணம் இன்றியே சாதாரணக் கடிதங்களை விமானத்தில் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. தொலைபேசி இணைப்பு வேண்டுவோரிடம் முன்பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டே புதிய இணைப்புகளை வழங்கும் திட்டத்தையும் கொண்டு வந்தார். பெங்களூரில் தொலைபேசிக் கருவிகளுக்கான அரசுத் தொழிற்சாலை 1948-ல் உருவானதும் அவருடைய காலத்தில்தான்.

1951-ல் கட்சிக்குள் எழுந்த பிணக்கால் மந்திரிப் பதவியைத் துறந்து வெளியேறினார். விரைவில் திரும்பியும் வந்தார். அந்த அரசியல் இங்கே நமக்கு வேண்டியதில்லை. 1952 பொதுத்தேர்தலில் பஹ்ராயிச் பகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வான பின், எவரும் விரும்பாத உணவு இலாகா அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

உலகப்போர்க் காலத்தில் வந்த ரேஷன் முறையும் தானியக் கட்டுப்பாடும் அப்போது நாட்டை வாட்டிக்கொண்டிருந்தன. ஒரு மாவட்டத்து அரிசியை அனுமதியின்றி அடுத்த மாவட்டத்திற்குக் கொண்டு செல்லலாகாது. சோதனைச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். விளைந்த ஊரில் வாங்குவாரில்லை, வாங்கும் ஊரில் அரிசியில்லை. கறுப்புச் சந்தை மட்டும் கொழுத்தது. சென்னை மாகாண முதலமைச்சராக வந்த ராஜாஜி, 1952 ஜூனில் இம்மாகாணத்தில் கட்டுப்பாட்டை நீக்கினார். டில்லியில் பலர் அஞ்சிய அம்முடிவுக்கு உணவு மந்திரியான கித்வாய் துணை நின்றார். பஞ்சத்தைவிடப் பஞ்சம் வரும் என்ற அச்சமே தானியத்தைப் பதுக்க வைக்கிறது என்பது அன்னாரின் கணிப்பு. அரசின் கையிருப்பைச் சந்தையில் இறக்கி விலை ஏறாமல் பார்த்துக்கொண்டார். கட்டுப்பாடுகள் படிப்படியாக நாடெங்கும் தளர்ந்து, 1954-ல் அரிசி மீதான கட்டுப்பாடும் நீங்கியது.

இதை முழுவதும் அன்னாரின் திறமை என்று எழுதினால் அது நேர்மையாகாது. அவ்வாண்டுகளில் அல்லாஹ் நல்ல மழையைத் தந்தான். நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பை ஏற்றபோது, செழித்த ஏழு ஆண்டுகளில் வறண்ட ஏழு ஆண்டுகளுக்காகச் சேமித்தார்கள். கித்வாய் களஞ்சியத்தைத் திறந்தார். நிரப்பி வைக்கும் ஏற்பாட்டைச் செய்ய அவருக்கு ஆயுள் போதவில்லை. 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் வந்ததை நமது மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1965 ஜனவரியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். ஆவடியில் அக்கழகத்தின் கிடங்கைக் கடந்து செல்வோர் இதை நினைவு கொள்ளலாம்.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். கித்வாய் கேட்டவர்க்கு இல்லையென்னாமல் கொடுத்தவர். சிறை சென்றவரின் குடும்பம், படிக்க வழியற்ற மாணவர், எதிர்க்கட்சியில் இருந்து நொடித்த தொண்டர் என எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தம்மிடம் இல்லாதபோது செல்வந்தர்களிடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் எவரிடம் எவ்வளவு வாங்கினார், எவருக்குக் கொடுத்தார் என்பதற்கு முறையான கணக்கு இல்லை. மந்திரியாக இருப்பவர் செல்வந்தரிடம் இவ்வாறு வாங்கலாமா என்ற கேள்வியை அவருடைய சகாக்களே எழுப்பினர். அக்கேள்வி நியாயமானதே. வரவு செலவைக் காசு பிசகாமல் அச்சிட்டு உங்கள் கையில் தரும் இவ்வறிக்கையில், நமது பொருளாளர் அந்தக் கணக்கை ஏற்றிருக்கவே மாட்டார். பைத்துல்மாலின் விளக்கைச் சொந்தப் பேச்சுக்காக எரிய விடாத உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் பேணுதல் வேறு, கித்வாயின் தாராளம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை.

எனினும், அவர் தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அவருடைய மரணமே சாட்சியாயிற்று. 1954 அக்டோபர் 24 அன்று டில்லியில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மூச்சுத் திணறி, இதயம் நின்று வஃபாத்தானார். வயது 60. ஒரே மகன் ஏழு வயதிலேயே இறந்துவிட்டதால் வாரிசு இல்லை. பல ஆண்டுகள் மத்திய மந்திரியாக இருந்தவர் விட்டுச் சென்றவை கடனும், மசௌலியில் பழுதுபட்ட ஒரு வீடும் மட்டுமே. அந்தக் கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். காசியாபாத்தில் உள்ள தேசிய அஞ்சல் பயிற்சிக் கழகமும் பெங்களூரின் புற்றுநோய் மருத்துவமனையும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கித்வாய்க்குச் சிகிச்சைக்குப் போவதாகச் சொல்லும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அப்பெயருக்குரியவரைத் தெரியுமோ, அறியோம்.

கேள்வி கேட்ட இளைஞரிடம் இவற்றைச் சொன்னபோது, அப்படியானால் நமக்கென்று அவர் தனியாக என்ன செய்தார் என்று மீண்டும் கேட்டார். ரேஷன் நீங்கிய ஆண்டில் சென்னையில் அரிசி வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும், அவர் வீட்டுப் பாட்டனார் வீடும் ஒன்றாக இருந்திருக்கும் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அம்பத்தூர் ரயில் நிலைய மனுவை எழுதி முடித்துக் கையெழுத்திட்டார்.

கித்வாய் மறைந்து மூன்று மாதங்களில், 1955 ஜனவரியில், நமது ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேருவும் மத்திய மந்திரிகளும் வந்திறங்கினர். சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்னும் புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அந்த மேடையில் உணவு மந்திரியாக அமர்ந்திருந்தவர் வேறொருவர்.