ஜே.ஆர்.டி. டாடா: ஆசைக்குப் பறந்தவர் இந்தியாவுக்கு விமான சேவையைக் கொண்டுவந்தது எப்படி?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) செட்டிலான தமிழ்க் குடும்பங்களில் கேட்டுப் பாருங்க, இந்த வித்தியாசம் புரியும். தாத்தா காலத்து ஆட்கள் சாத்தம், ஹேடோ கப்பல் துறைகளில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினார்கள். நீங்கள் லேப்டாப் பையோடு லாம்பா லைன் பகுதியில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் அன்றைக்கே கிளம்பிப் போக முடிகிறது.

இந்த வசதியை இந்தியாவில் தொடங்கி வைத்தது அரசாங்கமோ ராணுவமோ இல்லை. ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு இளைஞரும், சேறும் சகதியுமான ஒரு மைதானத்தில் இயங்கிய ஃபிளையிங் கிளப்பும்தான். அந்த இளைஞர் ஜே.ஆர்.டி. டாடா. தொழிலதிபராக அவரை உங்களுக்குத் தெரியும். பைலட்டாக அவர் கதை என்ன?

பறக்கும் ஆசை எங்கே தொடங்கியது?

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா இந்தியப் பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். விடுமுறைக்கு வட பிரான்ஸின் கடலோர ஊரான ஹார்டெலோவுக்குக் குடும்பம் போகும். அங்கே அவர்களுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? 1909-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளெரியோ. அவருடைய விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். சிறுவன் ஜஹாங்கீர் அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தான். 15 வயதில் காசு கொடுத்து ஒரு சின்ன ரவுண்டு பறந்தான். பைலட் ஆகணும் என்ற முடிவு அன்றைக்கே எடுத்ததுதான்.

ஆனால் அந்த முடிவு நிறைவேற இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். அப்பா இந்தியாவுக்கு வரச் சொல்லிவிட்டார். 1925 கடைசியில் சம்பளமில்லாத பயிற்சியாளராக டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பா இறந்துவிட, 22 வயதில் குடும்பப் பொறுப்பும் நிறுவனப் பொறுப்பும் சேர்ந்து தலையில் விழுந்தன. படிக்க நினைத்தது ஒன்று, உட்கார்ந்தது வேறொரு நாற்காலியில். இது உங்களில் பலருக்கும் பழக்கமான நிலைமைதான், இல்லையா?

ஃபிளையிங் கிளப் என்ன செய்தது?

1920-களின் கடைசியில் டெல்லி, கராச்சி, பம்பாய், கல்கத்தா நகரங்களில் ஃபிளையிங் கிளப்கள் வரத் தொடங்கின. கொஞ்ச நாளில் மெட்ராஸிலும் வந்தது. இவை அரசு உதவியோடு, உறுப்பினர்கள் நடத்திய சங்கங்கள். சொந்தமாக விமானம் இல்லாதவரும் உறுப்பினராகி, கிளப் விமானத்தில், கிளப் பயிற்றுநரிடம் மணிக்கணக்கில் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ளலாம். வாரம் முழுக்க ஆபீஸ், ஓய்வு நேரத்தில் வானம் என்று வாழ முடிந்தது.

அந்தக் காலத்து கிளப்களில் பெரும்பாலும் ஜிப்ஸி மாத் ரக விமானம்தான். மரச்சட்டம், அதன்மேல் துணி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, மேலே கூரை கிடையாது. காற்று நேராக முகத்தில் அடிக்கும். பம்பாய் கிளப் ஜூஹுவில் இருந்தது. கடலை ஒட்டிய தாழ்வான நிலம். மழைக்காலம் வந்தால் ஓடுபாதை வயல் மாதிரி ஆகிவிடும்.

கிளப் வந்ததும் ஜே.ஆர்.டி. ஓடிப்போய்ச் சேர்ந்தார். பயிற்றுநரோடு நாலு மணி நேரம்கூடப் பறக்கவில்லை, அதற்குள் தனியாகப் பறந்துவிட்டார். 1929 பிப்ரவரி 10-ம் தேதி அவருக்கு உரிமம் கிடைத்தது. இந்தியா-பர்மா ஏரோ கிளப் கொடுத்த அந்த உரிமத்தின் எண் 1.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஓட்டிய முதல் இந்தியர் அவர் இல்லை. முதல் உலகப் போரிலேயே இந்திரலால் ராய் என்ற வங்காள இளைஞர் பிரிட்டிஷ் படையில் போர் விமானம் ஓட்டி, 1918-ல் சண்டையில் உயிர்விட்டார். இந்தியாவில் தகுதி பெற்று உரிமம் வாங்கிய முதல் பைலட் என்பதுதான் ஜே.ஆர்.டி.க்குச் சேர வேண்டிய பெருமை.

தோற்ற போட்டி, கிடைத்த பெயர்

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதின்வயது இளைஞர், ஜே.ஆர்.டி. மற்ற இருவரும் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார்கள். ஜே.ஆர்.டி. 1930 மே மாதத் தொடக்கத்தில் கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார்.

எகிப்தில் அலெக்சாண்ட்ரியா அருகே அபூகிர் விமானத் தளத்தில் இறங்கியபோது, அங்கே ஆஸ்பி தவித்துக்கொண்டு நின்றார். அவர் விமானத்தின் ஸ்பார்க் பிளக் பழுது, மாற்றுப் பிளக் கையில் இல்லை. போட்டியாளர் மாட்டிக்கொண்டார், நாம் கிளம்பிவிடலாம் என்று ஜே.ஆர்.டி. நினைக்கவில்லை. தன்னிடம் கூடுதலாக இருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். நன்றிக்கு ஆஸ்பி தன் மிதவைச் சட்டையை அவருக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் எதிரெதிர் திசையில் பறந்தார்கள். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார்.

அந்த ஆஸ்பிதான் 1960-ல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். அன்றைக்கு எகிப்தில் அந்தப் பிளக் கிடைக்காமல் போயிருந்தால்? யோசித்துப் பாருங்க. கிளப் கலாசாரம் என்று சொல்வார்களே, அதன் சாரம் இதுதான். வானத்தில் போட்டி இருக்கலாம். தரையில் சக பைலட் மாட்டிக்கொண்டால் உதவுவது எழுதாத சட்டம்.

ஜூஹுவிலிருந்து மெட்ராஸ் வரை

பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்த நெவில் வின்சென்ட் 1929-ல் இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது, அதை நாம் தெற்கே கொண்டுபோனால் என்ன என்பது அவர் யோசனை. ஜே.ஆர்.டி. பிடித்துக்கொண்டார். டாடா நிறுவனத்தின் தலைவர் தோராப்ஜி டாடாவைச் சம்மதிக்க வைத்து 2 லட்சம் ரூபாய் முதலீடு வாங்கினார்கள். அரசிடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சரி, மானியமே இல்லாமல் ஓட்டுகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து புஸ் மாத் என்ற சின்ன விமானத்தில் ஜே.ஆர்.டி. தனியாகக் கிளம்பினார். கூட இருந்தது 25 கிலோ தபால் மட்டும். வழிகாட்ட ரேடியோ இல்லை. அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. மதியம் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அந்த முதல் தடமே நம்ம ஊரில்தான் முடிந்தது. 1935-ல் திருவனந்தபுரமும், 1938-ல் திருச்சி வழியாகக் கொழும்பும் சேர்ந்தன.

முதல் ஆண்டில் சுமார் 10 டன் தபாலும் 155 பயணிகளும் போனார்கள். லாபம் 60,000 ரூபாய். மழைக்காலத்தில் ஜூஹு மூழ்கினால் மொத்த ஜாகையையும் புனேவுக்கு மாற்றிவிடுவார்கள். தபால் மட்டும் நேரம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அமெச்சூர் என்றால் ஏனோதானோ என்று செய்வது என நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. பிடித்துச் செய்பவர்களுக்கு நேரம் தவறுவது அவமானம்.

1942: விமானத்தின் இன்னொரு முகம்

அதே விமானம் போரில் என்ன செய்யும் என்பதற்கு சாத்தமே சாட்சி. 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டு, 1883-ல் தொடங்கிய அந்தத் தீவின் மர அறுவை ஆலையைத் தாக்கியது. குண்டு விழுந்த பள்ளத்தை இப்போதும் ஆலைக்குள் போனால் பார்க்கலாம். அதே வருஷம் வின்சென்ட் பயணம் செய்த ராணுவ விமானம் பிரான்ஸ் கடற்பகுதியில் வீழ்ந்தது. மெட்ராஸுக்கு முதல் தபாலைக் கொண்டுவந்த மனிதர் ஏர் இந்தியா என்ற பெயரைப் பார்க்கவே இல்லை. 1946-ல்தான் டாடா ஏர்லைன்ஸ் அந்தப் பெயருக்கு மாறியது. 1948 ஜூனில் மலபார் பிரின்சஸ் என்று பெயரிட்ட விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

சம்பளம் வாங்காத தலைவர்

1953-ல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஜே.ஆர்.டி. அதை எதிர்த்தார். முடிவு எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தபின், அரசு கேட்டுக்கொண்டபடி ஏர் இந்தியா சர்வதேச நிறுவனத்தின் தலைவராக இருக்கச் சம்மதித்தார். சம்பளம் வாங்கவில்லை. பயணியாக ஏறினாலும் கையில் குறிப்பு எழுதிக்கொண்டே வருவார். டீயின் நிறம் சரியில்லை, திரைச்சீலை தொங்குகிறது, கழிவறை சுத்தமாக இல்லை என்று ஒவ்வொன்றும் அதிகாரிகளுக்குப் போகும். ஒரு பெரிய தொழில் குழுமத்தையே நடத்தும் ஆள் இதையெல்லாம் பார்ப்பாரா என்று கேட்டால், இதைப் பார்த்ததால்தான் அந்த நிறுவனத்துக்கு உலகப் பெயர் கிடைத்தது.

1978 ஜனவரி 1-ல் ஏர் இந்தியாவின் ஜம்போ ஜெட் பம்பாய் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அந்தச் செய்தியே வேறொருவர் சொல்லித்தான் அவருக்கு முதலில் தெரிந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷ உழைப்புக்கு இப்படி ஒரு முடிவு. 1980-ல் இந்திரா காந்தி அரசு அவரை இயக்குநர் குழுவுக்குத் திரும்ப அழைத்தது. தலைவர் நாற்காலி மட்டும் திரும்பவில்லை.

பதவி போனாலும் உரிமம் போகவில்லை. 1982 அக்டோபர் 15-ல், முதல் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், 78 வயதில், பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி தனியாகப் பறந்து வந்தார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனிவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடமே திரும்பியது.

பணக்கார வீட்டுப் பிள்ளை, அதனால் முடிந்தது?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். நியாயமான கேள்வி. 1929-ல் மணிக்கணக்கில் கட்டணம் கட்டிப் பறப்பது சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. இன்றைக்கும் அது மலிவு இல்லை. டாடா என்ற பெயர் இல்லாமல் 2 லட்சம் முதலீடும் வந்திருக்காது.

ஆனால் கிளப் என்ற அமைப்பு டாடாக்களுக்கு மட்டும் திறந்த கதவு இல்லை. 1936-ல் லாகூர் ஃபிளையிங் கிளப்பில் சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண், புடவை கட்டியபடியே ஜிப்ஸி மாத்தில் ஏறி உரிமம் வாங்கினார். போர் வந்தபோது விமானப் படைக்கு ஆள் தயார் செய்ததிலும் கிளப்களுக்குப் பங்கு உண்டு. வேறு வேலை பார்ப்பவர்களுக்கும் வானத்தில் ஒரு இடம் கொடுத்ததால்தான் இது நடந்தது.

உங்களுக்கும் ஆசை இருந்தால்?

சாத்தம் ஆலையும் துறையும் நிறைந்த குட்டித் தீவு. அங்கே ஓடுபாதைக்கு இடமில்லை. போர்ட் பிளேயர் ஓடுபாதையைக் கடற்படையும் பயன்படுத்துகிறது. பயிற்சிக்கு நீங்கள் பெருநிலத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

விதிமுறைகள் எளிமையானவை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-விடம் மாணவர் பைலட் உரிமத்துக்கு 16 வயது, தனியார் பைலட் உரிமத்துக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பும், எழுத்துத் தேர்வும், மருத்துவத் தகுதியும் தேவை. சம்பளத்துக்கு ஓட்டணும் என்றால் வணிக உரிமம் வேண்டும், அதற்கு 200 மணி நேரம்.

தனியார் உரிமத்தை வைத்துச் சம்பாதிக்க முடியாது, சட்டம் அனுமதிக்காது. அப்புறம் எதுக்கு அவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்பாங்க. நீங்களும் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஜே.ஆர்.டி. 1929-ல் வாங்கியதும் சம்பாதிப்பதற்கான உரிமம் இல்லை. ஆபீஸ் நாற்காலியை விடாமலே, ஆசைக்காக வாங்கியதுதான்.