ஏ. பி. சேலம் – மட்டாஞ்சேரியின் அறப்போர் வீரர்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் யூதத் தெரு உள்ளது. அங்கே 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் ஆலயம் நிற்கிறது. இன்று ஏ. பி. சேலம் சாலை என்னும் பெயரும் அத்தெருவிற்கு உண்டு. அப்பெயருக்கு உரியவரோ, அவ்வாலயத்தில் இருக்கையில் அமரும் உரிமையின்றி வளர்ந்தவர்.

அந்நிலை எவ்வாறு வந்தது? 1663இல் போர்ச்சுக்கீசியரை வென்று கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம், மிளகை மட்டும் வாங்கவில்லை. மனிதரையும் விலைக்கு வாங்கி, பத்தாவியாவிற்கும் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் கப்பலேற்றியது. மனிதரைச் சரக்காக்கிய வணிகம், அவர்களைப் பிறப்பாலும் நிறத்தாலும் தாழ்ந்தோர் எனக் கூறித் தன் செயலை நியாயப்படுத்தியது. கொச்சியின் செல்வர் இல்லங்களிலும் அடிமைகள் உழைத்தனர். பரதேசி யூத வணிகரிடம் அடிமையாயிருந்த சிலர், யூத சமயம் தழுவி விடுதலை பெற்றனர். ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்கள் 'விடுவிக்கப்பட்டோர்' என்றே குறிக்கப்பட்டனர். ஆலயத்தில் அவர்கள் தரையில் அமர வேண்டும். வெள்ளை யூதர் எனப்பட்டோருடன் மணவுறவு கொள்ளலாகாது. கொச்சி அரசில் 1854இல் அடிமை முறை ஒழிந்தது. அது வகுத்த கோடு அழியவில்லை.

அப்பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் பயின்று, கொச்சி யூதருள் முதல் பட்டதாரியானார். சட்டமும் கற்று வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் எழுந்து வாதிட்டவருக்கு, வழிபாட்டிடத்தில் தரையே கிடைத்தது. முதலில் அவர் ஆலயம் செல்வதையே தவிர்த்தார். பின்னர் காந்தியடிகளின் அறவழியைக் கைக்கொண்டு, ஆலயத்தின் உள்ளிருந்தே அமைதியாகப் போராடினார். ஆண்டுகள் பல கடந்தன. தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. அவர்தம் மகன் வெள்ளை யூதர் குடும்பத்துப் பெண்ணையே மணந்தார்.

தம் மக்களுக்கு மட்டும் நீதி கேட்டவரல்லர் சேலம். கொச்சி சட்டமன்ற உறுப்பினராக இருமுறை பணியாற்றினார். உழைப்பாளரின் சங்கங்களுக்குத் துணைநின்றார். முழு விடுதலை கோரிய 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். கொச்சி யூதர் பலர் இஸ்ரேலுக்குக் குடிபெயர உதவிய அவர், தாம் மட்டும் பிறந்த மண்ணிலேயே தங்கி, 1967இல் மறைந்தார்.

'யூத காந்தி' என்று போற்றப்படும் அவர், ஆதாயத்திற்காக மனிதர் வகுத்த கோட்டை மனிதரே அழிக்க இயலும் என வாழ்ந்து காட்டினார்.

அருஞ்சொற்பொருள்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
தழுவி – ஏற்றுக்கொண்டு
ஆதாயம் – இலாபம்

விடை எழுதுக
1. அடிமை முறை ஒழிந்த பின்னும் அழியாத 'கோடு' எது?
2. சேலம் தம் போராட்ட முறையை எவ்வாறு மாற்றிக்கொண்டார்?
3. பிழைப்புத் தேடி வேற்றூர் வந்தோரை நாம் எவ்வாறு நடத்த வேண்டும்? ஐந்து தொடர்களில் எழுதுக.