வானேறிய துறவி

குழித்தறியில் இறங்கி நாடா எறிந்தறியாதவர் பிறருக்கு நெசவு கற்பிக்க இயலுமா? காஞ்சி மாநகரத்தார்க்கு இதற்கு விடை கூற வேண்டியதில்லை. கடல்கடந்த அமெரிக்காவில் இவ்வுண்மையை வானிலே மெய்ப்பித்தவர் சிஸ்டர் மேரி அக்வினாஸ் கின்ஸ்கி.

1894-இல் பிறந்த அவர், பிரான்சிஸ்கன் சபையில் கன்னியாஸ்திரியாகி, பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். விமானம் இளைஞர் உள்ளங்களைக் கொள்ளைகொண்ட காலம் அது. இறக்கையைக் காற்று எவ்வாறு தாங்குகிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. துறவாடையுடனே விமானத்தளம் சென்றார், எந்திரத்தைத் தொட்டுக் கற்றார், பறக்கவும் பயின்றார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அமெரிக்கப் பள்ளிகளில் விமானக் கல்வி பரவியது. கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே! 1943 கோடையில் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், ஆசிரியப் பணியாற்றும் கன்னியாஸ்திரிகளுக்கு அவர் விமானவியல் வகுப்பு நடத்தினார். வானொலி நுட்பமும் அவருக்குக் கைவந்த கலை. வயதோ ஐம்பதை நெருங்கியிருந்தது. அப்போதும் அவர் பயிற்சி விமானியே! ஆம், ஆசிரியர்க்கு ஆசிரியராய் விளங்கிய நாளிலும் அவர் ஒரு மாணவி.

1957-இல் அமெரிக்க விமானப்படைச் சங்கம் அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது. 1985-இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். நாளை நம்முள் சிலர் ஆசிரியராவோம். பட்டம் பெற்றதும் ஏட்டை மூடிவிடுவோமா? கற்பிப்பவர் கற்பதை நிறுத்தினால், அவர் கையிலுள்ள பாடமும் அன்றே பழையதாகிவிடும். அந்தத் துறவியின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.