டாக்டர் முஸத்திக்: எண்ணெய் இருந்தும் விற்க முடியாத நாட்டின் தலைவர்

ஒரு நாட்டைப் பணிய வைப்பதற்குப் படையெடுத்துத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. அதன் சரக்கை வாங்குவாரில்லாமல் செய்துவிட்டாலும் போதும். துறைமுகப் பட்டினங்களில் வாணிபம் செய்து வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஈரானின் பிரதம மந்திரியாக விளங்கிய டாக்டர் முஹம்மது முஸத்திக் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாதலால், அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

1882ஆம் ஆண்டு தெஹ்ரானில் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்த அன்னார், சுவிட்சர்லாந்தில் சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். 1925இல் ரிஸா கான் அரசுகட்டில் ஏறுவதை மஜ்லிஸில் எதிர்த்துப் பேசிய சிலருள் அவரும் ஒருவர். அதன் பயனாகப் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழவும், 1940இல் சிறை செல்லவும் நேர்ந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஈரான் நடுநிலை வகித்தது. எனினும் 1941இல் பிரிட்டிஷ் படைகளும் சோவியத் படைகளும் உள்ளே நுழைந்தன. ரிஸா ஷா முடிதுறக்க, அவர் மகன் பட்டத்துக்கு வந்தார். ருஷ்யாவுக்கு யுத்தச் சாமான்கள் கொண்டு செல்லவே ரயில்கள் பயன்பட்டன. தானியம் நகரம் வந்து சேரவில்லை, விலைவாசி ஏறிற்று. 1942 டிசம்பரில் தெஹ்ரானில் ரொட்டிக்காகக் கலகம் மூண்டது. அந்நியர் ஆதிக்கத்தின் மீது மக்கள் கொண்ட வெறுப்பு அந்த நாட்களில் வேரூன்றிற்று. முஸத்திக் அவர்களின் சொல்லுக்கும் மதிப்பு உயர்ந்தது.

ஈரானிய எண்ணெய் அப்போது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் வசம் இருந்தது. 1950இல் அக்கம்பெனி ஈரானுக்குச் சுமார் 1 கோடியே 60 இலட்சம் பவுன் கொடுத்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு வரியாகச் செலுத்தியதோ 5 கோடி பவுன் வரையில். 1951 மார்ச்சில் மஜ்லிஸ் எண்ணெயைத் தேசவுடைமையாக்கியது. அடுத்த மாதம் முஸத்திக் பிரதம மந்திரியானார்.

பிரிட்டன் தன் நிபுணர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சர்க்கரை, இரும்பு முதலியவற்றின் ஏற்றுமதியைத் தடுத்தது. ஈரானின் பவுன் கணக்கை முடக்கியது. எண்ணெய் வாங்குவோர் மீது வழக்குத் தொடரப்படும் என்று எச்சரித்தது. 1952இல் 'ரோஸ் மேரி' என்னும் கப்பல் எண்ணெயோடு ஏடனில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1950இல் சுமார் 24 கோடி பீப்பாய்களாயிருந்த உற்பத்தி, 1952இல் சுமார் 1 கோடியாக வீழ்ந்தது. குவைத்தும் சவூதி அரேபியாவும் ஈராக்கும் கூடுதலாக இறைத்தமையால் உலகச் சந்தைக்குக் குறை தெரியவில்லை.

சர்வதேச நீதிமன்றம் 1952 ஜூலையில் இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கூறியது ஈரானுக்கு வெற்றியே. ஆயினும், தீர்ப்பு கஜானாவை நிரப்பவில்லை. முஸத்திக் இறக்குமதியைக் குறைத்தார்; எண்ணெய் அல்லாத சரக்குகளின் ஏற்றுமதியை ஊக்குவித்தார்; மக்களிடம் கடன் பத்திரம் விற்றார்; நோட்டுகளும் அச்சடித்தார். நாடு பட்டினியால் விழுந்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விரிசல் கண்டது அரசியலே. நெருக்கடியைச் சமாளிக்க அவர் விசேஷ அதிகாரங்களைக் கோரிப் பெற்றார். அதனால் ஆயத்துல்லாஹ் காஷானி போன்ற பழைய நண்பர்கள் பிரிந்தனர். 1953இல் அவர் கேட்ட உதவியை அமெரிக்கா மறுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், மஜ்லிஸைக் கலைப்பதற்கு அவர் வாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்போருக்கும் இல்லை என்போருக்கும் தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மஜ்லிஸின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவருக்கு இச்செய்கை அழகன்று என்றே நாம் கருதுகிறோம்.

அம்மாதம் 19ஆம் தேதி அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிலையங்கள் தீட்டிய திட்டம் அது. தனது பங்கை அமெரிக்க உளவு நிலையம் 2013இல் ஒப்புக்கொண்டது. உடனே புதிய ஆட்சிக்கு அமெரிக்கப் பணம் வந்தது. 1954இல் எண்ணெயும் ஓடத் தொடங்கிற்று. பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதமும், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதமும் பங்காயின.

முஸத்திக் மூன்றாண்டு சிறையிலிருந்த பின்னர், அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, 1967இல் காலமானார். பொது இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்காமையால், அவ்வீட்டின் அறையிலேயே அடக்கப்பட்டார்.

வாங்குவாரில்லாமல் செய்தவர்கள் எதிர்பார்த்தபடி மக்கள் அவரைத் துரத்தவில்லை. ஆனால் வெறுங் கஜானா அவருடைய துணைவர்களைக் கலைத்தது. அவருடைய கையையே தவறான வழியில் செலுத்திற்று. அதன் பிறகு அவரை வீழ்த்துவதற்குப் பெரும் படை தேவைப்படவில்லை. அந்தக் காயத்தின் நினைவு 1979ஆம் ஆண்டுப் புரட்சியிலும் எதிரொலித்தது.